எண் சொன்னபடி நகரும் உளி

பள்ளி ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்து ஒரு கம்பியின் விட்டத்தை நீங்கள் அளந்திருப்பீர்கள். அதன் தலைப்பகுதியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் திருகின் முனை 1 மி.மீ. முன்னே செல்கிறது. தலைக்கோலில் 100 பிரிவுகள் இருப்பதால், ஒரு பிரிவு அளவுக்குச் சுற்றினால் முனை 0.01 மி.மீ. மட்டுமே நகர்கிறது. இதைத்தான் மீச்சிற்றளவு என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறோம், பிறகு மறந்துவிடுகிறோம்.

மறக்காமல் சற்று மேலே யோசித்துப் பாருங்கள். தலையைச் சுற்றும் உங்கள் விரல்களுக்குப் பதிலாக ஒரு சிறு மோட்டாரைப் பொருத்தி, 'இத்தனை பிரிவு சுற்று' என்று அதற்கு ஓர் எண்ணை அனுப்பினால் என்ன ஆகும்? முனையில் ஓர் உளியையும் கட்டிவிட்டால்? அளக்கும் கருவி வெட்டும் கருவியாகிவிடும். இவ்வாறு மூன்று திருகுகளை நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று, மேலும் கீழுமாக ஒன்று என நிறுத்தி, தச்சர்கள் பலகையில் பள்ளம் எடுக்கப் பயன்படுத்தும் ரூட்டர் என்ற சுழல்வெட்டியை அவற்றின் மேல் ஏற்றினால், அதுவே சி.என்.சி. ரூட்டர் மேசை. கணினியில் வரைந்த உருவத்தை அது மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ தானே வெட்டிக் கொடுக்கும்.

பெரிய தொழிற்சாலைகளில் பல லட்ச ரூபாய் விலையில் நிற்கும் இந்த எந்திரத்தின் சிறிய வடிவத்தைத் தமிழ்நாட்டின் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி மாணவர்கள் பலர் இப்போது தம் கைச்செலவில் செய்து பார்க்கிறார்கள். எப்படிச் செய்வது என்று கேட்டால், பாகங்களின் பட்டியலை யாரும் தந்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் ஒரு வழக்கும் உண்டு. வேலை செய்கிற கைக்கும், வேலையை எண்ணாக எழுதுகிற தலைக்கும் இடையே நடந்த வழக்கு அது. கடைசல்காரர்களும் ஃபிட்டர்களும் வார்ப்படத் தொழிலாளர்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதி வாசகர்களுக்கு அந்த வழக்கு வெறும் கதையன்று.

கப்பலின் கப்பியிலிருந்து

துறைமுகத்துக்கு அருகில் வாழ்பவர்களுக்குக் கப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்தில் ஒவ்வொரு போர்க்கப்பலுக்கும் நூற்றுக்கணக்கான மரக்கப்பிகள் தேவைப்பட்டன. அவற்றைக் கையால் குடைந்து செய்தார்கள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல்தளத்தில் மார்க் புருனல் என்பவர் இதற்கென ஓர் எந்திர வரிசையை வகுத்தார். அவற்றைச் செய்து கொடுத்தவர் ஹென்றி மாட்ஸ்லே. 1808-ஆம் ஆண்டளவில் அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,30,000 கப்பிகள் உருவாயின. முன்பு 110 தேர்ந்த தச்சர்கள் செய்த வேலையைத் தேர்ச்சியற்ற 10 பேர் செய்தார்கள் என்பது அக்காலக் கணக்கு. எந்திரம் நுழைந்ததும் முதலில் கேட்ட கேள்வி 'எவ்வளவு வேகம்?' என்பது, இரண்டாவது, 'அந்த நூறு பேர் எங்கே போனார்கள்?' என்பது. இரண்டாவது கேள்வியைப் பாடநூல்கள் பெரும்பாலும் கேட்பதில்லை.

மாட்ஸ்லேயின் பெருமை கப்பியில் இல்லை, திருகில் இருக்கிறது. அவர் காலத்துக்கு முன் கடைசல்காரர் உளியைக் கையில் பிடித்து, ஒரு கட்டையில் சாய்த்துக்கொண்டு கடைந்தார். புரி வெட்டுவதும் அவ்வாறே. ஒரு பட்டறையின் திருகு அடுத்த பட்டறையின் மரையில் ஏறாது. மாட்ஸ்லே உளியை ஒரு சறுக்குமேடையில் இறுக்கினார். அந்த மேடையை ஒரு நீண்ட திருகால் நகரவைத்தார். கடையப்படும் தண்டையும் அந்தத் திருகையும் பற்சக்கரங்களால் இணைத்தார். தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது உளி இத்தனை தூரம்தான் நகரலாம் என்ற கட்டுப்பாடு உண்டாயிற்று. இது 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்தது.

இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். நல்ல திருகு வெட்ட நல்ல திருகு வேண்டும். அப்படியானால் முதல் திருகு எங்கிருந்து வந்தது? மாட்ஸ்லே கையாண்ட வழி இது: உருளை ஒன்றைச் சுழலவிட்டு, அதன் மேல் ஒரு கத்தியைச் சாய்வாகப் பதித்தார். சாய்வு எவ்வளவோ அதற்கேற்பக் கத்தி தானாகவே உருளையின் நீளத்தில் நகர்ந்து ஒரு சுருள் கோட்டைக் கீறியது. அந்தக் கரடுமுரடான புரியிலிருந்து சற்றுச் சீரான புரி. அதிலிருந்து இன்னும் சீரான புரி. குறையுள்ள கருவியைக் கொண்டு அதைவிடக் குறை குறைந்த கருவியைச் செய்ய முடியும் என்பதுதான் எந்திரவியலின் ஆணிவேர். கையில் பணம் குறைவாக உள்ள மாணவருக்கு இதைவிட நம்பிக்கையூட்டும் செய்தி வேறு இருக்க முடியுமா?

மாட்ஸ்லேயிடம் வேலை கற்ற ஜோசப் விட்வொர்த் இதே கருத்தைத் தட்டையான பரப்புக்குக் கொண்டுசென்றார். ஒரு தகடு தட்டையா என்று அறிய, தட்டையான இன்னொரு தகடு வேண்டுமே! மூன்று தகடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் வண்ணம் தடவி இரண்டாவதோடு ஒத்திப் பார்த்து, படிகிற மேடுகளைச் சுரண்டுங்கள். இரண்டும் பொருந்திவிட்டன என்பதால் தட்டை என்று சொல்லிவிட முடியாது. ஒன்று குவிந்தும் மற்றது குழிந்தும் இருந்தாலும் பொருந்தும். ஆனால் மூன்றாவதும் இரண்டோடும் தனித்தனியே பொருந்த வேண்டும் என்றால் அந்தத் தந்திரம் பலிக்காது. மூன்றும் தட்டையாக இருந்தே தீர வேண்டும். 1840-இல் விட்வொர்த் இதை அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு திருகுப் புரிகளுக்கு ஒரு பொது அளவையும் முன்வைத்தார்.

பெட்டியில் வந்ததும் பிறகு வந்ததும்

இந்தத் துல்லியம் நம் ஊருக்கு எப்படி வந்தது? ரயிலோடு வந்தது என்று சொல்லலாம். 1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது. ரயில் வந்தால் அதைப் பழுதுபார்க்கும் பட்டறையும் வர வேண்டும். பெரம்பூர்ப் பட்டறைகள் அவ்வாறு எழுந்தவை. சுதந்திரத்துக்குப் பின் வடக்கே எண்ணூர் வரை ஆலைகள் நெருங்கின. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955-இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறி லாரி, பஸ் அடிச்சட்டங்களில் இறங்கியது. சாணைச் சக்கரமும் உப்புத்தாளும் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் திருவொற்றியூரில் அமைந்தது.

இவற்றுள் என்ஃபீல்டின் கதை நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை அமைத்தன. அடுத்த ஆண்டு திருவொற்றியூர் ஆலை இயங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் புல்லட் மோட்டார் சைக்கிளின் பாகங்கள் ரெடிச் நகரிலிருந்து பெட்டிகளில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1957-இல் அந்தப் பாகங்களைச் செய்வதற்கான அச்சுகளும் கருவிகளுமே இங்கு விற்கப்பட்டன. முதலாண்டில் வந்தது மோட்டார் சைக்கிள். பிறகு வந்ததோ மோட்டார் சைக்கிளைச் செய்யும் ஆற்றல். ரெடிச் ஆலை மூடி, இங்கிலாந்தில் அந்த வண்டியே நின்றுபோன பிறகும் திருவொற்றியூரில் அது ஓடிக்கொண்டிருந்தது. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆயிற்று.

அந்த ஆலைகளின் கடைசல் எந்திரங்கள் கையால் இயங்கியவை. சக்கரக் கைப்பிடியைச் சுற்றும் கையின் உணர்வு, உளி உராயும் ஓசை, வெளிவரும் சுருளின் நிறம் ஆகியவற்றைக் கொண்டு 'இன்னும் ஒரு நூல்' என்று முடிவு செய்த தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, உலகின் மறுகோடியில் அந்தக் கைப்பிடியை எண்ணிடம் ஒப்படைக்கும் வேலை முடிந்திருந்தது.

பதினேழு புள்ளிகள்

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் டிராவர்ஸ் சிட்டி என்ற சிற்றூரில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவுக்கு அவரிடம் தரப்பட்டவை 17 புள்ளிகள்தாம். இடைப்பட்ட வளைவைக் கையால் வரைந்து, அச்சுத் தகட்டை வெட்ட வேண்டும். அவருடைய பொறியாளர் ஃபிராங்க் ஸ்டுலன், அலுவலகக் கணக்குக்குப் பயன்பட்ட ஐ.பி.எம். துளையட்டை எந்திரத்தைக் கொண்டு இடைப்புள்ளிகளைக் கணக்கிட வழி கண்டார். 17 புள்ளிகள் 200 ஆயின.

இப்போது பட்டறையில் நடந்ததைக் கவனியுங்கள். ஒருவர் பட்டியலிலிருந்து எண்களை உரக்கப் படிப்பார். ஒருவர் நீளவாக்குக் கைப்பிடியை அந்த எண்ணுக்குத் திருப்புவார். இன்னொருவர் குறுக்குக் கைப்பிடியை. இருவரும் நின்றதும் ஒரு வெட்டு. பிறகு அடுத்த எண். மூன்று மனிதர்கள் சேர்ந்து ஒரு சி.என்.சி. எந்திரமாக வேலை செய்தார்கள்! கைப்பிடிகளை மோட்டார்களே திருப்பினால் என்ன என்று பார்சன்ஸ் எண்ணியதில் வியப்பில்லை.

துளையட்டையால் எந்திரத்தை நடத்தலாம் என்பது அதற்கு முன்பே தெரிந்ததுதான். 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு தறியில் அதைச் செய்து காட்டினார். காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவையின் கரையில் அன்னமும் மயிலும் விழுவது ஜக்கார்டுப் பெட்டியில் தொங்கும் அட்டைகளின் துளைகளால்தான். ஆனால் தறிக்கு ஒவ்வொரு இழையும் 'மேலே' அல்லது 'கீழே' என்பது போதும். எஃகு வெட்டும் எந்திரத்துக்கு 'எவ்வளவு தூரம்' என்று சொல்ல வேண்டும்; சொன்ன தூரம் போனதா என்று சரிபார்க்கவும் வேண்டும். 1949-இல் அமெரிக்க விமானப்படை பார்சன்ஸுக்கு ஒப்பந்தம் தந்தது. அவர் எம்.ஐ.டி.யின் ஆய்வகத்தை உதவிக்கு அழைத்தார். 1952-இல் அங்கே முதல் எண்வழி எந்திரம் காட்டப்பட்டது: ஒரு பெரிய மில்லிங் எந்திரம், அதன் அருகே நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழல்களும் ரிலேக்களும் அடைந்த, எந்திரத்தைவிடப் பெரிய மின்னணு அலமாரிகள். கட்டளைகள் துளைநாடாவில் இருந்தன.

கையைப் பதிவு செய்வதா, எண்ணை எழுதுவதா?

இதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் 1940-களின் பிற்பகுதியில் அதைச் செய்தார்கள். தேர்ந்த தொழிலாளர் ஒருவர் வழக்கம்போல் கையால் ஒரு பாகத்தை வெட்டுவார். அவர் கைப்பிடிகளைத் திருப்பிய ஒவ்வோர் அசைவும் காந்தநாடாவில் பதிவாகும். நாடாவைத் திரும்ப ஓட்டினால் எந்திரம் அவர் செய்ததையே மறுபடி மறுபடி செய்யும். பாடகரின் குரலைப் பதிவு செய்வதுபோல, கைவினைஞரின் கையைப் பதிவு செய்தார்கள் எனலாம்.

இந்த முறை ஆலைகளில் பரவவில்லை. எண்வழி முறையே வென்றது. ஏன்? டேவிட் நோபிள் என்ற வரலாற்றாசிரியர் 1984-இல் வெளியிட்ட ஒரு நூலில் இதை ஆராய்ந்தார். பதிவு முறையில் வேலையின் சூட்சுமம் தொழிலாளரிடமே இருந்தது. எண்வழி முறையில் அது அலுவலகத்துக்குப் போய்விட்டது. நிருவாகத்துக்கு வேண்டியிருந்தது இதுதான் என்பது அவர் வாதம். அதில் உண்மை உண்டு. எண்வழி எந்திரத்தின் முன் நிற்பவர் பொருளை மாட்டி, பொத்தானை அழுத்தி, கழற்றி வைப்பவராகச் சுருங்கியதை எந்த ஆலையிலும் காணலாம்.

ஆனால் நோபிள் சொல்வது முழுவதும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. பார்சன்ஸின் 200 புள்ளிகளை எந்தத் தேர்ந்த கையும் உணர்வால் வெட்டியிருக்க முடியாது. மேலும், பதிந்த நாடா அந்த ஒரு பாகத்தை மட்டுமே தரும். எண்ணையோ மாற்றலாம், பெருக்கலாம், கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பலாம். வலது இறக்கைக்கு எழுதிய எண்களின் முன் ஒரு கழித்தல் குறி இட்டால் இடது இறக்கை கிடைக்கிறது! இதை நாடாவிடம் எதிர்பார்க்க முடியாது. பதிவு முறையும் முற்றாக அழிந்துவிடவில்லை. 1960-களில் நார்வேயின் டிரால்ஃபா நிறுவனம் தள்ளுவண்டிகளுக்குச் சாயம் தெளிக்கும் ரோபாட்டைச் செய்தபோது, சாயம் அடிப்பவர் ரோபாட்டின் கையைப் பிடித்து நடத்திக் கற்பிக்கும் முறையையே மேற்கொண்டது.

ஆகவே குறை எண்ணில் இல்லை. எண்ணை எழுதுபவரும் வெட்டுபவரும் வெவ்வேறு கட்டடங்களில் அமர்த்தப்பட்டதில்தான் இருக்கிறது. எழுதுவதற்கு அன்று தேவைப்பட்ட கணினி ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்தது என்பதும் அதற்கு ஒரு காரணம். 1950-களின் பிற்பகுதியில் எம்.ஐ.டி.யில் டக்ளஸ் ராஸ் குழுவினர், வடிவத்தைச் சொற்களால் விவரித்தால் கணினியே புள்ளிகளைக் கணக்கிடும் ஏ.பி.டி. என்ற மொழியை உருவாக்கினார்கள். 1959-இல் அதைச் செய்தியாளர்களுக்குக் காட்டியபோது அலுமினியச் சாம்பல் கிண்ணங்களை வெட்டி நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். எந்திரத்துக்குத் தரும் கட்டளைகளின் எழுத்துமுறை 1980-இல் அமெரிக்காவில் ஒரு பொதுத் தரமாக உறுதியாயிற்று; இன்று ஜி-கோடு என்று வழங்குவது அதுவே.

அலமாரி சுருங்கிய கதை

மின்னணு அலமாரி சுருங்கிய கதையை விரைவாகவே சொல்லிவிடலாம், நீங்கள் அறிந்ததுதான். 1971-இல் நுண்செயலி வந்தது. இந்தியாவில் எந்திரக் கருவிகளுக்கென 1953-இல் பெங்களூரில் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸும், 1962-இல் மத்திய எந்திரக் கருவி நிறுவனமும் தொடங்கப்பட்டிருந்தன; எண்வழி எந்திரங்கள் நம் நாட்டிலும் உருவாயின. ஆனால் அவை ஆலைகளுக்குரியவை. மாணவர் கைக்கு எட்டியது வேறு வழியாக.

1990-களில் அமெரிக்க அரசின் தர நிறுவனம், சாதாரணக் கணினியைக் கொண்டே எந்திரத்தைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை உருவாக்கி எல்லாருக்கும் பொதுவாக்கியது. லினக்ஸ்-சி.என்.சி. அதன் வழித்தோன்றல். 2005-இல் இத்தாலியில் ஆர்டுயினோ என்ற மலிவான மின்சுற்றுப் பலகை பிறந்தது. 2009-இல் நார்வேயின் சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் அந்தப் பலகையிலேயே ஓடும் 'ஜி.ஆர்.பி.எல்.' என்ற கட்டுப்பாட்டு மென்பொருளை எழுதி இலவசமாக வெளியிட்டார். 32 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்கும் அந்த மென்பொருள் மூன்று மோட்டார்களுக்கு நொடிக்கு 30,000 துடிப்புகள் வரை அனுப்புகிறது. 1952-இன் அலமாரிகள் செய்த வேலை உள்ளங்கையளவு பலகையில், சில நூறு ரூபாய்க்கு வந்துவிட்டது.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மகாராஷ்டிரத்தின் பாபல் கிராமத்தில் டாக்டர் கல்பாக் 1983-இல் தொடங்கிய விஞ்ஞான ஆசிரமத்தில், எம்.ஐ.டி.யின் துணையோடு 2002-இல் ஒரு 'ஃபேப் லேப்' அமைந்தது. கணினி வழி வெட்டும் எந்திரங்களைக் கிராமத்து இளைஞர்களே இயக்கிய இடம் அது. அமெரிக்காவுக்கு வெளியே தோன்றிய இத்தகைய முதல் கூடங்களில் ஒன்று.

இனி உங்கள் மேசை

திருகு அளவிக்கே திரும்புவோம். மேசைக்கான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு முழுச் சுற்றை 200 படிகளாகச் சுற்றுகிறது. வன்பொருள் கடையில் கிடைக்கும் 8 மி.மீ. புரிக்கம்பியின் புரியிடைத் தூரம் 1.25 மி.மீ. அப்படியானால் ஒரு படிக்கு 0.00625 மி.மீ. நகர்வு. திருகு அளவியையும் மிஞ்சிவிட்டதே! மகிழ வேண்டாம். இது எண்ணின் நுணுக்கம் மட்டுமே. உளியின் துல்லியம் அன்று.

முதலில் வேகத்தைப் பாருங்கள். மோட்டார் நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுற்றினால் அந்தக் கம்பியில் உளி நிமிடத்துக்கு 375 மி.மீ. மட்டுமே நகரும். ரூட்டரோ நிமிடத்துக்கு 20,000 முறை சுழல்கிறது. அதன் வெட்டியில் இரண்டு பற்கள். ஆக ஒரு பல் கடிக்கும் அளவு 0.01 மி.மீ.க்கும் குறைவு. இவ்வளவு மெல்லக் கடித்தால் பல் மரத்தை வெட்டாது, தேய்க்கும். மரம் கருகும், வெட்டி மழுங்கும். ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும் பல்தொடக்கத் திருகை வாங்கினால் அதே மோட்டார் நிமிடத்துக்கு 2,400 மி.மீ. ஓடும், ஒரு பல்லுக்கு 0.06 மி.மீ. கிடைக்கும். சற்றுக் கூடுதல் விலையானாலும் இங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அடுத்தது விறைப்பு. பழைய பிரிண்டர்களைக் காயலான் கடையில் எடைக்கு வாங்கினால் வழவழப்பான எஃகுத் தண்டுகளும் மோட்டார்களும் கிடைக்கும். ரிச்சி தெருவில் புதியதும் கிடைக்கும். ஆனால் தண்டு எவ்வளவு வளையும் என்று கணக்கிடாமல் வாங்காதீர்கள். இரு முனைகளில் தாங்கிய, 600 மி.மீ. நீளமும் 12 மி.மீ. விட்டமும் உள்ள எஃகுத் தண்டின் நடுவில் 30 நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ 3 கிலோகிராம் எடை அழுத்தினால் அது சுமார் 0.66 மி.மீ. தொய்யும். விட்டம் 16 மி.மீ. ஆனால் தொய்வு 0.21 மி.மீ. நீளத்தைப் பாதியாக்கி 300 மி.மீ. ஆக்கினாலோ அதிலும் எட்டில் ஒரு பங்குதான், 0.03 மி.மீ.க்கும் கீழே. மாணவர்கள் ஆசைப்பட்டு நான்கடி மேசை செய்யத் தொடங்கிப் பாதியில் விடுவதற்கு இந்த மூன்றாம் அடுக்கு விதியே காரணம். சிறிய மேசை மலிவானது மட்டுமன்று, துல்லியமானதும்கூட. பிறகு அந்தச் சிறிய மேசையைக் கொண்டே பெரியதன் பாகங்களை வெட்டிக்கொள்ளலாம். மாட்ஸ்லேயின் திருகு அப்படித்தானே வளர்ந்தது!

சட்டம் சதுரமா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். இரு மூலைவிட்டங்களையும் நாடாவால் அளந்து சமமாக்குங்கள். மூலைமட்டமே சரியா என்ற ஐயம் வந்தால், ஒரு பலகையின் நேர்விளிம்பில் அதை வைத்துக் கோடு கிழியுங்கள். மட்டத்தைப் புரட்டி வைத்து அதே புள்ளியில் மீண்டும் கிழியுங்கள். இரு கோடுகளும் பிரிந்தால், பிரிவில் பாதி மட்டத்தின் பிழை. விட்வொர்த்தின் மூன்று தகடுகளின் தம்பி இது.

திருவொற்றியூர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். கடற்காற்று எஃகுத் தண்டை விட்டுவைக்காது. துடைக்காமல் விட்டால் சில நாள்களிலேயே சிவந்துவிடும். எண்ணெய் தடவினாலோ மரத்தூள் அதில் ஒட்டிச் சாணைப்பசை போலாகித் தண்டைத் தேய்க்கும். ஆகவே வேலை முடிந்ததும் துடைத்து மெல்லிய எண்ணெய். தொடங்குமுன் மீண்டும் துடைப்பு. எம்.டி.எஃப். பலகையால் சட்டம் செய்தால் வெட்டிய விளிம்புகளுக்கு வார்னிஷ் பூசுங்கள். ஐப்பசி மழையில் ஈரம் குடித்து உப்பிவிடும். அந்தப் பலகையின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் இல்லாமல் வெட்டாதீர்கள். அவசரத்துக்கு அழுத்தும் நிறுத்துப் பொத்தான் மோட்டார்களை மட்டும் நிறுத்தினால் போதாது. ரூட்டருக்குப் போகும் 230 வோல்ட் மின்சாரத்தையும் துண்டிக்க வேண்டும்.

மேசை முடிந்தது, என்ன வெட்டுவது? பெயர்ப்பலகை வெட்டிப் பழகலாம். ஆனால் இந்தப் பகுதியில் அதைவிடப் பயனுள்ள வேலை ஒன்று உண்டு: வார்ப்படத்துக்கான மர பேட்டர்ன். உருகிய வார்ப்பிரும்பு குளிரும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். எனவே 200 மி.மீ. பாகம் வேண்டுமானால் பேட்டர்ன் 202 மி.மீ. இருக்க வேண்டும். பழைய பேட்டர்ன் தச்சர்கள் இதற்கென்றே சற்று நீட்டிப் பிரித்த சுருக்க அளவுகோலை வைத்திருப்பார்கள். உங்களுக்கோ எல்லா எண்களையும் 1.01-ஆல் பெருக்கினால் போயிற்று. ஆனால் மணலிலிருந்து பேட்டர்ன் அலுங்காமல் வெளியேற எந்தப் பக்கத்துக்கு எத்தனை பாகை சரிவு கொடுப்பது, எந்த உள்மூலையை உருட்டாவிட்டால் வார்ப்பில் வெடிப்பு விழும் என்பதைக் கணினி தானாகச் சொல்லாது. எண்ணூர்ப் பக்கம் வார்ப்படச் சாலையில் உழைத்து ஓய்ந்த பெரியவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், வரைபடத்தை முதலில் அவரிடம் காட்டுங்கள். அவர் விரல் வைத்துச் சொல்லும் திருத்தத்தை நீங்களே எண்ணாக எழுதி, நீங்களே வெட்டிப் பார்க்கலாம். இடையில் வேறு அலுவலகம் கிடையாது.

வேலையில் இறங்குமுன் ஒரு சோதனை. 100 மி.மீ. விட்டமுள்ள வட்டம் ஒன்றைப் பலகையில் வெட்டுங்கள். திருகுக்கும் மரைக்கும் இடையில் தளர்வு இருந்தால் (பட்டறையில் இதை 'ப்ளே' என்பார்கள்) வட்டத்தின் நான்கு இடங்களில் சிறு படி தெரியும். மோட்டார்கள் திசை மாறும் இடங்கள் அவை. தளர்வை ஜி.ஆர்.பி.எல். ஈடுகட்டாது; இரண்டு மரைகளை இடையில் ஒரு வில்சுருளோடு பூட்டி நீங்கள்தான் போக்க வேண்டும். பிறகு நீண்டதொரு கோட்டை வெட்டி அளந்து பாருங்கள். 100 கேட்ட இடத்தில் 99.6 வந்தால், மி.மீ.க்கு 200 துடிப்புகள் என்றிருந்த எண்ணை 200.8 என்று மாற்றி, மறுபடி வெட்டி, மறுபடி அளவுங்கள்.